பால் நிறமாகி, பிறகு தெளிந்தது

"எரியும் குச்சியைக் குழாயின் வாய்க்குக் கிட்டப் பிடித்தோம். மழை பெய்தபடியால் சத்தம் கேட்கவில்லை."

தரம் 10 பிள்ளை ஒருத்தியின் செயன்முறைக் கொப்பியில் இருந்த வரி இது. நாகம் என்ற உலோகத்தின் மேல் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் ஐதரசன் வரும், அதற்கு நெருப்புக் காட்டினால் 'பொப்' என்று ஒரு குட்டி வெடிச் சத்தம் கேட்கும், ஐதரசனுக்கு அதுதான் சோதனை, பரீட்சையிலும் அப்படித்தான் எழுத வேண்டும். வகுப்பில் மிச்சம் 26 பேரும் 'பொப் என்ற ஒலி கேட்டது' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்கள். அன்றைக்கு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும், மேசைக்கு ஒரு அடி தள்ளி நின்ற எனக்கே கேட்கவில்லை. ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை, தகரக் கூரை. எங்கள் பக்கத்தில் ஜூனில் தகரத்தின் மேல் மழை இறங்கினால் பாடம் நடத்துவதே சைகையில்தான்.

அந்த ஒரு வரிக்காக அவளுக்கு முழுப் புள்ளியும் போட்டேன். மற்ற 26 பேரையும் என்ன செய்வதென்று தெரியவில்லை, விடை சரி, ஆனால் அவர்கள் எழுதிய சத்தம் அந்த அறையில் கேட்கவே இல்லை.

இதை எழுத உட்கார வைத்தது அந்தக் கொப்பிதான். ஆனால் சொல்ல வந்தது அதற்குப் பல வருஷம் முந்திய இன்னொரு கொப்பியைப் பற்றி. அதில் தப்புச் செய்தது நான்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம், இறங்கி தேயிலை மலைக்கு நடுவால் கொஞ்சம் நடை, அங்கே எங்கள் தோட்டப் பாடசாலை. ஆய்வுகூடம் என்று பலகை தொங்கும் அறையில் பாதி நூலகம். மழை ஒழுகாத மூலை அங்கேதான் இருக்கிறது என்பதால் விளையாட்டுச் சாமானும் அங்கேயே கிடக்கும். காஸ் இல்லை, மதுசார விளக்குதான். சோடியம் ஐதரொட்சைட்டுப் போத்தலை யாராவது சரியாக மூடாமல் போனால் அடுத்த நாள் காலையில் வில்லைகள் எல்லாம் பிசுபிசுவென்று கரைந்து கிடக்கும், அவ்வளவு பனிமூட்டம். ஒரு வெள்ளிக்கிழமை நீல நிறச் செப்பு சல்பேற்றைச் சூடாக்கி வெள்ளைத் தூளாக்கி மணிக்கூட்டுக் கண்ணாடியில் வைத்துவிட்டுப் போனோம், திங்கட்கிழமை வந்து பார்த்தால் அது தானாகவே வெளிர்நீலமாகியிருந்தது. ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை. ஜன்னலால் வந்த மூடுபனியே போதுமாக இருந்தது.

தமிழ்நாட்டிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை: நீங்கள் வேதிவினை என்பதை நாங்கள் இரசாயனத் தாக்கம் என்போம். உங்கள் துத்தநாகம் எங்களுக்கு வெறும் நாகம். ஒவ்வொரு வருஷமும் தரம் 10இல் "நாகத்தை எடுத்து அமிலத்துக்குள் போடுங்கள்" என்று நான் சொல்லும் நாளில் வகுப்பு ஒரு நிமிஷம் சிரித்து ஓயும், பாம்பு போல் சீறவும் செய்யும் என்பதால் யாராவது ஒருத்தன் மேசைக்குப் பின்னால் போய் நிற்பான். அந்த நாகமும் பெரும்பாலும் கடையில் வாங்கியதல்ல. தீர்ந்துபோன டோர்ச் பெட்டரியின் உறையை வெட்டி, கழுவி, சேண்ட்பேப்பரால் தேய்த்து எடுப்பது. உள்ளே இருக்கும் கறுப்புத் தூளில் மங்கனீசு ஈரொட்சைட்டு இருக்கிறது. அதைக் கழுவி எடுத்து, பாமசியில் வாங்கிய ஐதரசன் பரவொட்சைட்டில் ஒரு சிட்டிகை போட்டால் நுரைத்துக்கொண்டு ஒட்சிசன் வரும், விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கின் தணல் அதில் பளிச்சென்று மறுபடி பற்றிக்கொள்ளும். ஒரு பெட்டரியில் இரண்டு பாடம். இரசாயனம் கற்பிக்க வசதி இல்லை என்று நானும் கூட்டங்களில் முறையிட்டிருக்கிறேன், அது உண்மையும்கூட, ஆனால் பெட்டரி வெட்டுகிற நாட்களில் அந்த முறைப்பாடு கொஞ்ச நேரத்துக்கு மறந்து போகும்.

பிள்ளைகள் வெறுங்கையோடும் வருவதில்லை. தேயிலைக்கு பீஎச் 4.5க்கும் 5.5க்கும் இடைப்பட்ட புளிப்பு மண் வேண்டும், அதற்கும் மேலே புளித்துப் போனால் கவ்வாத்து வெட்டும் காலத்தில் டொலமைட் தூவுவார்கள், அப்பாமார் அதைத் தூவி வெள்ளையாக வீடு திரும்பியதை இவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு பிடி டொலமைட்டைக் கொண்டுவந்து அமிலம் ஊற்றினோம். சுண்ணாம்புக் கல் போல் பொங்கவில்லை, சோம்பலாக இரண்டு குமிழி விட்டது, குழாயைச் சூடாக்கியதும்தான் வேலை செய்யத் தொடங்கியது. ஆத்தாவின் வெற்றிலைச் சுண்ணாம்பை அமோனியம் சல்பேற்று உரத்தோடு சேர்த்து நசித்தால் மூக்கைத் துளைக்கும் அமோனியா வரும், அதை மணந்த உடனே ஒரு பிள்ளை "ஸ்டோர் வாசம்!" என்றாள். உரக் களஞ்சியத்தைச் சொல்கிறாள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் ஆலாத்தி சிவக்கும் என்று எல்லா வீட்டிலும் தெரியும். இப்படி நிறம் மாறி அமிலமா காரமா என்று சொல்வதற்குப் பெயர் காட்டி என்று தெரிய வருவது மட்டும் பாடசாலையில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

செயன்முறைக் கொப்பியில் பக்கத்தை இரண்டாகப் பிரிக்கச் சொல்வோம். இடது பக்கம் அவதானம், வலது பக்கம் முடிவு. இடது பக்கத்தில் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது, மூக்கால் மணந்தது, கையால் தொட்டபோது சுட்டது, இவ்வளவுதான் வரலாம். ஐதரசன் என்ற சொல்லே அங்கே வரக்கூடாது, ஏனென்றால் ஐதரசனை யாரும் பார்க்கவில்லை, பார்த்தது நிறமில்லாத குமிழி. சொல்ல லேசு. நடைமுறையில் பிள்ளைகள் வலது பக்கத்தை முதலில் நிரப்பிவிட்டு, அதற்குப் பொருத்தமாக இடது பக்கத்தை எழுதுவார்கள். நானும் மாணவனாக இருந்தபோது அப்படித்தான் செய்தேன், நல்ல புள்ளியும் வந்தது.

செப்பு சல்பேற்றுக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் ஆணி மேல் செங்கபில நிறத்தில் செப்புப் படியும், நீலம் மெல்ல வெளிறிப் பச்சை தட்டும். புத்தகம் சொல்வது போலவே நடக்கும். ஆணிக்குப் பதிலாக நாகத் தகட்டைப் போட்டுப் பாருங்கள். விறுவிறுவென்று நடக்கும், குழாய் கைக்குச் சுடும், தகட்டின் மேல் படிவது கறுப்பு. பஞ்சு போல், புகைக்கரி போல் ஒரு கறுப்பு. அதுவும் செப்புதான், ஆனால் அவசரமாக மிக நுண்ணிய துகள்களாகப் படிவதால் செப்பின் நிறம் கண்ணுக்குத் தெரிவதில்லை, நேரம் போகப் போகத்தான் ஓரங்களில் கபிலம் தட்டும். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பிள்ளைகள் இந்தக் கறுப்பைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு 'செந்நிறப் படிவு' என்று எழுதியிருக்கிறார்கள். ஒருத்தனைக் கேட்டேன், "டேய், இது என்ன கலர்?" "கறுப்பு சேர்." "அப்ப ஏன் சிவப்புன்னு எழுதின?" "செப்பு சிவப்புத்தானே சேர்."

அவனைக் குற்றம் சொல்ல முடியுமா?

தண்ணீரின் கொதிநிலை இன்னும் மோசமான கதை. ஹட்டன் ஏறத்தாழ 1270 மீற்றர் உயரம். சுமார் 300 மீற்றர் ஏறினால் தண்ணீர் ஒரு பாகை செல்சியஸ் குறைவாகவே கொதிக்கும் என்பது பொதுக் கணக்கு, ஆக எங்களுக்கு 96 பாகைக்கும் கொஞ்சம் கீழே, 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாக்காரர்களுக்கு 94 பாகை அளவில். வெப்பமானி அதைத்தான் காட்டும். தளதளவென்று கொதிக்கிற முகவையில் வெப்பமானி 96ஐத் தாண்ட மறுக்க, பிள்ளைகள் அதைத் தட்டிப் பார்த்து, உதறிப் பார்த்து, கடைசியில் 100 என்று எழுதினார்கள். ஒரு குழு 'வெப்பமானி பழுது' என்று பக்கத்தில் குறிப்பும் போட்டது, அது எனக்குப் பிடித்திருந்தது, குறைந்தது அவர்கள் முரணைக் கண்டிருக்கிறார்கள். வீட்டில் "இந்தக் குளிருக்குப் பருப்பு வேகாது" என்று அம்மா சொல்வதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று சொன்னபோதுதான் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. குளிரைத் திட்டுவது பாவம், பானைக்குள் தண்ணீரே குறைந்த சூட்டில் கொதித்தால் பருப்பு எப்படி நேரத்துக்கு வேகும்?

இப்போது அந்தப் பழைய கொப்பி.

நான் படிப்பிக்க வந்த இரண்டாவது வருஷம். காபனீரொட்சைட்டுச் சோதனை. வெற்றிலைக் கடைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி ஒரு இரவு வைத்தால் அடியில் எல்லாம் தங்கிவிடும், மேலே நிற்பது பளிங்கு போலச் சுண்ணாம்பு நீர். சுண்ணாம்பு தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, லீற்றருக்கு 2 கிராம்கூட இல்லை, ஆனால் சோதனைக்கு அது தாராளம். வாயுவுக்கு முட்டைக்கோது. பக்கத்துக் கடையில் முட்டை ரொட்டி போடுகிறவர் ஒரு பை நிறையத் தந்தார். கோதை நொறுக்கி அமிலம் ஊற்றி, வருகிற வாயுவைப் பாமசியில் வாங்கிய சேலைன் குழாயால் சுண்ணாம்பு நீருக்குள் விட்டால், அரை நிமிஷத்தில் பால் நிறம். ஸ்கொட்லாந்தின் ஜோசப் பிளாக் என்பவர் 1750களில் இந்த வாயுவை இனங்கண்டு, நாம் வெளியே விடும் மூச்சிலும் அதுவே இருக்கிறது என்று இதே சுண்ணாம்பு நீரால் காட்டினார். (இன்னொரு ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் கண்டிக்குக் கிட்ட லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை போட்டதால்தான் நாங்கள் எல்லோரும் இந்த மலையில் இருக்கிறோம் என்று வகுப்பில் சொல்லி வைப்பேன். தொடர்பு ஒன்றும் கிடையாது, சொன்னால் பெயர் மறக்காது.)

அதே நேரம் முன் மேசையில் மகனீசிய நாடா எரிக்கிற வேலை. கண் கூசுகிற வெள்ளை வெளிச்சம், "நேரே பார்க்காதே, நேரே பார்க்காதே" என்று நான் கத்த, வகுப்பு முழுக்க அங்கே ஓடிவிட்டது. ஜன்னலோர மேசையில் ஒரு பையன் மட்டும் தன் குழாயை விட்டு அசையவில்லை. அடுத்த வாரம் கொப்பி திருத்தும்போது அவனுடையதில் இப்படி இருந்தது:

"பால் நிறமாகியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது."

முதல் வசனத்துக்குச் சரி போட்டேன். மற்ற இரண்டையும் சிவப்புப் பேனாவால் வெட்டினேன். வெட்டியதோடு நிற்காமல் ஓரத்தில் 'கவனமாகப் பார்க்கவும்' என்று எழுதினேன்.

அவன் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "சேர், நெசமாவே தெளிஞ்சிச்சு சேர்." நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வேற ஆளோட குழாயோட மாறியிருக்கும், போ." போய்விட்டான். அவனுக்குச் சண்டை போடுகிற குணமும் இல்லை.

இது தெரியாத அளவுக்கு நான் படிக்காதவனும் இல்லை, அதுதான் கூச்சம். உயர்தரத்தில் தண்ணீரின் தற்காலிக வன்மை என்று ஒரு பாடம், கல்சியம் இருகாபனேற்று, கொதிக்க வைத்தால் காபனேற்றாகப் படியும், எல்லாம் மனப்பாடம். சுண்ணாம்பு நீர் வேறு பாடத்தில், வேறு பக்கத்தில், வேறு ஆசிரியரிடம். இரண்டும் ஒரே சாமான் என்று என் தலைக்குள் ஒருநாளும் சந்தித்துக்கொள்ளவில்லை.

அவை சந்தித்தது யாழ்ப்பாணத்தில். நாலைந்து வருஷம் கழித்து ஒரு செயலமர்வுக்குப் போய், கூடப் படிப்பிக்கிற நண்பர் ஒருவரின் வீட்டில் தங்கியிருந்தேன். காலையில் தேத்தண்ணி போட அவருடைய அம்மா கேத்தலைக் கவிழ்த்துக் கழுவினார், உள்ளே சுற்றிவர வெள்ளை ஓடு, விரல் நகத்தால் சுரண்டினால் சிம்பு சிம்பாகக் கழன்று வந்தது. "என்னம்மா இது?" என்றேன். "கிணத்துத் தண்ணியப்பன், எல்லா வீட்டிலையும் இப்பிடித்தான்" என்றார். எங்கள் வீட்டுக் கேத்தல் அடுப்புப் புகையில் வெளியே கறுத்திருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. எங்கள் ஊற்றுத் தண்ணீர் கடும்பாறைக்குள்ளால் வருவது, கரைத்துக்கொண்டு வர அதில் சுண்ணாம்பு இல்லை. யாழ்ப்பாணம் இருப்பதே சுண்ணாம்புக் கல்லின் மேல். மண்ணுக்குள் காபனீரொட்சைட்டை ஏற்றிக்கொண்ட மழைத்தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது, கண்ணுக்குப் பளிங்கு போலத்தான் இருக்கிறது, கேத்தலில் கொதித்தவுடன் வாயு பறந்து கல் மறுபடி கல்லாகப் படிகிறது.

கரைகிறது. கண்ணுக்குப் பளிங்கு போல. தேத்தண்ணி கையில் ஆறிக்கொண்டிருக்க எனக்கு அந்த ஜன்னலோர மேசை வந்து நின்றது. காபனீரொட்சைட்டு கொஞ்சம் போனால் காபனேற்று வீழ்படிவாகிப் பால் நிறம், நிறுத்தாமல் விட்டுக்கொண்டே இருந்தால் அந்த வீழ்படிவே இருகாபனேற்றாகிக் கரைந்து தெளிவு. எல்லோரும் மகனீசியத்தைப் பார்க்க ஓடிய அந்த ஏழெட்டு நிமிஷமும் அவன் குழாய்க்குள் வாயு போய்க்கொண்டே இருந்திருக்கிறது, அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். வகுப்பிலேயே கவனமாகப் பார்த்த ஒரே ஆளுக்கு நான் 'கவனமாகப் பார்க்கவும்' என்று எழுதியிருக்கிறேன்.

திரும்பி வந்து முதல் வேலையாகப் பாடசாலை விட்ட பிறகு தனியாக இருந்து செய்து பார்த்தேன். முட்டைக்கோது, அமிலம், குழாய். பால் நிறமாகியது. நிறுத்தவில்லை. முதலில் ஒன்றும் மாறாதது போலத்தான் இருந்தது, பிறகு குழாய்க்குப் பின்னால் பிடித்திருந்த கடுதாசியின் எழுத்து மங்கலாகத் தெரிந்தது, பிறகு வாசிக்க முடிந்தது. தெளிந்த தண்ணீரை மதுசார விளக்கில் பிடித்தேன். கொதி வந்ததும் மறுபடி வெள்ளை மூட்டம், யாழ்ப்பாணத்துக் கேத்தல் ஹட்டன் பக்கத்தில் ஒரு சோதனைக் குழாய்க்குள்.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அந்தச் செயன்முறையை மூன்று கட்டமாகவே செய்விக்கிறேன், அங்கேதான் வகைப்படுத்தல் என்ற அடுத்த தலைவலி ஆரம்பிக்கும். பாடத்திட்டத்தில் தாக்கங்களுக்கு நாலு பெட்டி: சேர்க்கை, பிரிகை, ஒற்றை இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி. மகனீசியம் எரிவது சேர்க்கை. பரவொட்சைட்டு நுரைப்பது பிரிகை. ஆணி மேல் செப்புப் படிவது ஒற்றை இடப்பெயர்ச்சி. ஈய நைத்திரேற்றும் பொற்றாசியம் அயடைட்டும் சேர்ந்து மஞ்சளாக விழுவது இரட்டை இடப்பெயர்ச்சி, அந்தப் பழைய போத்தல் அலுமாரியில் இருந்தவரை நான் மட்டும் செய்து காட்டினேன், பிள்ளைகள் கையில் ஈயத்தைக் கொடுப்பதில்லை. இதுவரை சுகம். இப்போது தெளிந்த கரைசல் கொதித்து மூட்டமாவது பிரிகை, சரி. பால் நிறம் தெளிவது, காபனேற்றும் தண்ணீரும் காபனீரொட்சைட்டும் சேர்ந்து ஒன்றாவதால் சேர்க்கை, அதுவும் சரி. முதலாவது கட்டம், அதாவது எல்லோரும் செய்கிற, எல்லாப் பரீட்சையிலும் கேட்கிற அந்தப் பால் நிறம்? அது எந்தப் பெட்டி?

சுண்ணாம்பும் காபனீரொட்சைட்டும் சேர்கின்றன, ஆனால் விளைவு ஒன்று மட்டும் இல்லை, காபனேற்றும் தண்ணீரும் இரண்டு. சேர்க்கை என்று எழுதினால் இடிக்கிறது. தனிமூலகம் ஒன்றும் இல்லாததால் ஒற்றை இடப்பெயர்ச்சி இல்லை. மூன்று வருஷம் முன்னால் ஒருத்தி எழுந்து இதைக் கேட்டாள். நான் சமாளித்தேன்: காபனீரொட்சைட்டு முதலில் தண்ணீரில் கரைந்து காபோனிக் அமிலம் ஆகிறது, அமிலமும் காரமும் ஜோடி மாற்றிக்கொள்கின்றன, ஆகவே இரட்டை இடப்பெயர்ச்சி. தவறான விளக்கம் இல்லை. அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப சேர், நடுவுல தண்ணியக் கொண்டாந்தா எதையும் எந்தப் பெட்டியிலயும் போட்டுறலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பதில் வரவில்லை. அவள் கேட்டது நியாயம்தான். அந்த நாலு பெட்டியும் சமன்பாடு கடுதாசியில் எப்படித் தெரிகிறது என்பதை வைத்துப் பிரித்தவை. இலத்திரன் கைமாறுகிறதா என்று பார்த்தால் வேறு பிரிப்பு வரும், அதில் மகனீசியமும் ஆணியும் பரவொட்சைட்டும் ஒரு பக்கம் போய்விடும், சுண்ணாம்பு நீர் மறுபக்கம் நிற்கும். சூடு வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று பிரித்தால் இன்னொரு கணக்கு. பிள்ளைகளுக்கு நான் சொல்வது இப்படி: தோட்டத்தில் ஒரே ஆளை லயத்து நம்பரிலும் தேடலாம், செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டுப் பேரிலும் தேடலாம், எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறார் என்றும் தேடலாம், ஆள் ஒருத்தர்தான். எதற்காகத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்துப் பேரேடு மாறும். பரீட்சைக்கு நாலு பெட்டி போதும், அதை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன், வாத்தியார் பிழைப்பு அப்படி.

பெட்டி மாறிப் போனாலும் வேலை நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது, தேயிலைத் தொழிற்சாலை. வாட்டிய கொழுந்தை ரோலரில் அரைத்துப் பரப்பி வைப்பார்கள், பச்சை இலை கண் முன்னாலேயே செப்புக் காசு நிறத்துக்கு வரும், பச்சைப் புல் வாசம் போய்ப் பழ வாசம் ஒன்று எழும். டீமேக்கர் ஒரு பிடி அள்ளி மூக்கருகே வைத்து "போதும்" என்றால் டிரையருக்குப் போகும், அந்தச் சூட்டில் தாக்கம் நின்றுவிடும். இந்தப் பரப்பி வைக்கிற வேலைக்குத் தொழிற்சாலையில் பெயர் பெர்மன்டிங், தமிழில் நொதித்தல், புளிக்க வைத்தல். அங்கே எதுவும் நொதிப்பதும் இல்லை, புளிப்பதும் இல்லை. தோசை மாவு போல நுண்ணுயிர் செய்கிற வேலை என்று ஒரு காலத்தில் நினைத்து வைத்த பெயர். நடப்பது ஒட்சியேற்றம். இலை நசுங்கும்போது உள்ளே தனித்தனியாக இருந்த நொதியமும் பொலிபீனோல்களும் கலந்து காற்றின் ஒட்சிசனைப் பிடித்துக்கொள்கின்றன, அறுத்த வாழைக்காய் கறுப்பது போல. பெயர் தப்பு என்று தெரிந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, யாரும் மாற்றவில்லை. எங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது ஒருத்தன் டீமேக்கரிடமே கேட்டுவிட்டான், "இது நொதித்தல் இல்லத்தானே சேர்?" அவர் வயதானவர், சிரித்துக்கொண்டு சொன்னார்: "பேரு எதுவா வேணா இருக்கட்டும் தம்பி, மூக்குதான் முக்கியம்."

அவரிடம் நான் இடது பக்கம், வலது பக்கம் எல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

அந்த ஜன்னலோரப் பையனைத் தேடினேன் என்று சொன்னால் அது பொய். அவன் சாதாரண தரத்தோடு நிறுத்திவிட்டான் என்று கேள்விப்பட்டேன், கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான் என்று ஒருவர் சொன்னார், அவ்வளவுதான். போன டிசம்பரில் ஹட்டன் பஸ் நிலையத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது ஒரு ஓட்டோ வந்து பக்கத்தில் நின்றது. "சேர், ஏறுங்க." தாடி வைத்திருந்தான், ஆனாலும் தெரிந்தது. ஏறினேன். கொழும்பு ஒத்துவரவில்லை, லீசிங்கில் ஓட்டோ எடுத்திருக்கிறான், ஒரு பெண் பிள்ளை, முதலாம் ஆண்டு. தோட்டத்து ரோட்டில் பள்ளத்துக்குப் பள்ளம் குலுங்கிக்கொண்டு நான் விஷயத்தைச் சொன்னேன். சுண்ணாம்புத் தண்ணி, பால் நிறம், தெளிஞ்சது, நான் வெட்டினது, நீ சொன்னதுதான் சரி, நான்தான் பிழை.

கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "எனக்கு ஞாபகம் இல்லையே சேர்."

"முட்டைக்கோதுல செஞ்சோமே."

"முட்டைக்கோதா?" கொஞ்ச நேரம் யோசித்தான். வைப்பர் ஒருபக்கம் மட்டும் வேலை செய்தது. "எனக்கு அந்த வெளிச்சந்தான் சேர் ஞாபகம், வெள்ளையா ஒண்ணு எரிச்சீங்களே. எல்லாரும் ஓடுனாங்க. நீங்க நேரா பாக்காதேன்னீங்க, அதனால நான் பாக்கவே இல்ல."

வாடகை எவ்வளவு கொடுத்தும் வாங்கவில்லை. மகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடு என்று சட்டைப் பையில் திணித்துவிட்டு இறங்கினேன். அடுத்த முறை மகனீசியம் எரிக்கும்போது வந்து பார்க்கிறாயா என்று கேட்டேன், கண்ணை ஓரமாக வைத்துக்கொண்டால் போதும் என்றேன். "என்னைக்குன்னு சொல்லுங்க சேர், ஹயர் இல்லாட்டி வாறேன்" என்றான். நம்பரை வாங்கிக்கொண்டேன்.